ஆயுத பூஜைக்கு நிறுத்திய சர்வர்

பொட்டிக்காரரே,

இன்றைக்குக் காலையில் காயலான் கடைக்காரர் உங்கள் செத்துப்போன டிஸ்க்கைத் தராசில் வைத்துவிட்டார். ஜெனரேட்டர் ரூமில் டீசல் கணக்கு நோட்டு காற்றில் பறக்காமல் இருக்க நான் அதன்மேல் கனத்துக்கு வைத்திருந்தது. பழைய பேட்டரிகளோடு சேர்ந்து அதுவும் போகப் பார்த்தது. ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "இரும்புகூட இல்லீங்க இது. இதுக்கா இத்தன ஓட்டம்?" என்றார். அதன் நெற்றியில் நீங்கள் மார்க்கரில் எழுதிய "2" இன்னும் அழியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். திருச்செங்கோட்டில் நம் போர்வெல் கம்பெனி ஆபீசில் வயரிங்கும் ஜெனரேட்டரும் என் பாடு. நீங்கள் கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க வந்தவர். வந்த அன்றைக்கே அந்த சர்வர் பொட்டியைக் காட்டி, பார்க்கத்தான் ஒன்று, உள்ளே நாலு மிஷின் ஓடுகிறது என்றீர்கள். ஒன்றில் வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது, ஒன்றில் ஸ்பேர் பார்ட்ஸ், ஒன்றில் ஆபீஸ் மெயில், ஒன்றில் எந்த ஊரில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்ற விவரம். நான் பின்பக்கம் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு, நாலு மிஷினுக்கும் ஒரே சுவிட்சா என்று கேட்டேன். அன்றிலிருந்து நீங்கள் எனக்குப் பொட்டிக்காரர், நான் உங்களுக்கு ஜெனரேட்டர்.

அந்த ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? போர் போடுகிற ரிக் வண்டி, கம்ப்ரஸர், ஸ்பானர், என் ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்தாயிற்று. உங்கள் பொட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வடக்கே போன வண்டிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன என்றீர்கள். நான் விடுவேனா? வடக்கே போன ரிக்கே இன்றைக்குப் பூஜைக்கு நிற்கிறது, அதைவிடப் பெரிய மனுஷனா உங்கள் பொட்டி என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி ஏற்றிவிட்டேன். முதலாளியும் சிரித்துக்கொண்டே, ஒரு மணி நேரம் நிறுத்தலாம் என்றார். நிறுத்தினீர்கள். சந்தனம் வைத்து, சூடம் காட்டி, பொரி தின்றோம்.

மறுபடி சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. என்ன என்று கேட்டேன். "எதுலேருந்து கிளம்பறதுன்னு அதுக்குத் தெரியலையாம்" என்றீர்கள். எந்த பஸ் என்று தெரியாமல் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற ஆள் மாதிரி என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

முதலாளி ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டார். டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தருகிறேன், ஆளை அனுப்பட்டுமா என்று அவர் கேட்டார். உங்கள் முகம் சுண்டிப்போனது. எடுத்து வைத்த நகல் இருபது நாள் பழையது. அதற்கப்புறம் நீங்கள் உட்கார்ந்து ஏற்றியதெல்லாம் போய்விடும். "சாயங்காலம் வரைக்கும் விடுங்க. உள்ள இருக்கறது ஒண்ணுகூடப் போகாது. முடியலைன்னா நானே வேலையை விட்டுப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டீர்கள். கெங்கவல்லிக்காரருக்கு வாய் நீளம் என்று கிண்டல் பண்ணினேன். ஆனாலும் உங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். நிறுத்தச் சொல்லி ஏற்றிவிட்டவன் நான்தானே.

எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்ற வரிசையை மாற்றினீர்கள். முதல் டிஸ்க் என்றீர்கள், கிளம்பவில்லை. ரெண்டாவது என்றீர்கள், அதுவும் இல்லை. கடைசியில் ஒரு பென் டிரைவைச் சொருகி அதிலிருந்து எழுப்பினீர்கள். எழுந்தது. நாலு மிஷினும் டிஸ்க்கில் பத்திரமாகத் தூங்குகின்றன என்று எனக்குக் காட்டினீர்கள். அப்புறம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று சிரிக்க ஆரம்பித்தீர்கள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. வேலை போகிற பயத்தில் மனுஷனுக்குக் கழன்றுவிட்டது என்று நான் சோடா வாங்கக் கிளம்பிவிட்டேன்.

கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னீர்கள். ஒரே விவரம் ரெண்டு டிஸ்க்கிலும் இருக்கும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பூட் பார்ட்டிஷன் என்று ஒரு சின்ன அறை உண்டு. பொட்டி தூங்கி எழுவதற்கு வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது. முதல் டிஸ்க் கெட்டு, பொட்டியை நிறுத்தாமலே மாற்றியபோது அந்த அறைக்கு இடம் விட்டீர்கள், நிரப்பவில்லை. ரெண்டாவதில்தான் இருக்கிறதே என்ற தைரியம். மறு வருஷம் ரெண்டாவது கெட்டது. அதை மாற்றும்போது, முதலாவதில்தான் இருக்கிறதே என்ற தைரியம். ஓடிக்கொண்டே இருக்கிற பொட்டிக்கு எழுப்புகிற வேலையே வராததால் யாருக்கும் தெரியவில்லை.

"சாவிய அவ எடுத்திருப்பான்னு இவனும், இவன் எடுத்திருப்பான்னு அவளும் ஊட்டுக் கதவச் சாத்திட்டுப் பழனி போனாப்பல இருக்குதுங்க" என்றேன்.

"அதேதான் ஜெனரேட்டரே" என்று மறுபடி சிரித்தீர்கள்.

ரெண்டு அறையையும் நிரப்பி, பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு சுவிட்சைப் போட்டீர்கள். நாலு மிஷினும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன. மணி மூன்றரைகூட ஆகவில்லை.

முதலாளி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு கரண்ட் ஏற்ற இறக்கம் என்றேன். அந்த ஆபீசில் எது கெட்டாலும் நான் சொல்லுகிற பதில் அது. யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அன்றைக்கும் அதோடு முடிந்திருக்கும். நீங்கள் குறுக்கே புகுந்தீர்கள்.

"இல்லைங்க, தப்பு என்னுது. ரெண்டு டிஸ்க்கையும் மாத்தினேன், கிளம்பறதுக்கு வேண்டியத எழுதாம விட்டுட்டேன். நிறுத்தியும் பாக்கலை. இவர் நிறுத்தச் சொன்னதாலதான் இன்னைக்காவது தெரிஞ்சுது."

உங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். முதலாளி குனிந்து பொட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இப்ப ரெண்டுலயும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்ப ஒண்ண உருவிட்டு ஓட்டிக் காட்டுங்க."

உருவினீர்கள். எழுந்தது. அதைத் திரும்பப் போட்டு, ரெண்டும் ஒன்று சேரும்வரை காத்திருந்து, மற்றதை உருவினீர்கள். அதுவும் எழுந்தது. முதலாளி தட்டில் மிச்சமிருந்த பொரியை அள்ளி உங்கள் கையில் கொட்டினார். இனி வருஷா வருஷம் பூஜைக்கு நிறுத்திப் பார்த்துவிடுங்கள் என்றார். வேலையை விடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பொரியை மென்றுகொண்டு நின்ற உங்கள் முகம் பள்ளிக்கூடம் விட்டுவந்த பிள்ளையின் முகம் போல இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்ததில் என் பிழைப்பு கெட்டுவிட்டது, பொட்டிக்காரரே. போன வாரம் வேலை நேரத்தில் ஜெனரேட்டர் நின்றுபோனது. டீசல் பார்க்க மறந்தவன் நான். முதலாளி வந்து கேட்டார். கரண்ட் என்று தொடங்கிய வாய் பாதியில் நின்றுவிட்டது. "நாந்தானுங்க, டீசல் பாக்க மறந்துட்டேன்" என்றேன். அவர் கிட்டே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"காச்சல் இல்லீங்க, பொட்டிக்காரர் சகவாசம்" என்றேன்.