அரூகேயின் பிறப்புச் சான்றிதழ்

அன்பு மகள் சல்தனாத்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் அரூகேயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கன்று போட்ட பசுவும் தேறிவிட்டது, அங்கே நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன பேனாவும் காகிதமும் என்று சிரிப்பாய். போனில் சொல்ல முடியாத விஷயம், அம்மாடி. போனை எடுத்தாலே அரூகே என் மடியில் ஏறித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வேன். இப்போது பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், பன்னிரண்டு மணிக்குக் கூட்டி வரப் போக வேண்டும், அதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன். பக்கத்துத் தெரு ஜெங்கிஷின் மருமகள் வியாழக்கிழமை இஸ்தான்புல் திரும்புகிறாள், இந்தக் கடிதமும் ஒட்டிய உறையும் அவள் கையில்தான் வருகின்றன. உறையை உடனே பிரிக்காதே, இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிரி.

பனியில் கணவாய் ஐந்து நாள் மூடிக் கிடந்தது, டாக்சியை எடுக்கவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனாலும் பால் கறக்க என்னை விடுவதில்லை. சரி, எதற்குச் சுற்றி வளைக்கிறேன். அங்கே தங்க உனக்குக் கொடுத்த இகாமெத் அட்டை மார்ச் இருபத்தெட்டோடு முடிகிறது, புதுப்பிக்கும்போதே பிள்ளையையும் சேர்த்துவிட வேண்டும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் மனுவையே வாங்க மாட்டார்கள் என்று நீ நவம்பரிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். நகல் எடுக்கப் போனால் கணினி வேலை செய்யவில்லை என்றேன். அப்புறம் பனி என்றேன். அப்புறம் அனுப்பியாயிற்று, தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். மூன்றும் பொய். சான்றிதழ் என்னிடமே இருந்தது, அதை எந்த முகத்தோடு அனுப்புவேன். அதில் தாய் என்ற இடத்தில் உன் பெயர் கிடையாது மகளே. தாய் பாத்மா, தந்தை ஜூமாகாதிர் என்று எங்கள் இரண்டு பேர் பெயரும்தான் இருக்கிறது. காகிதத்தின்படி அரூகே உனக்குத் தங்கை. திட்டு, நன்றாகத் திட்டிக்கொள், நான் எழுந்து அடுப்பில் கரி போட்டுவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். மூத்த பேரப்பிள்ளையைத் தாத்தா பாட்டி எடுத்து வளர்ப்பது நம்மில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அவள் எங்களை அப்பா அம்மா என்பதும் உன்னை அக்கா என்பதும் உனக்கும் தெரிந்ததுதான். அதோடு நின்றிருக்க வேண்டும். அவள் பிறந்த வாரம் சாலை அடைத்துக்கொண்டு, மருத்துவச்சி காலிச்சா வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தாளே, உன்னை விட்டுப் போனவன் ஒரு தடவை எட்டிக்கூடப் பார்க்கவில்லையே, நீயோ படுத்த படுக்கையாக இருந்தாய். பதிவு செய்யப் போன இடத்தில் தாய் பெயர் என்ன என்று கேட்டதும் என் வாய் பாத்மா என்று சொல்லிவிட்டது. நாளைக்கு அவன் வீட்டார் வந்து பிள்ளையைக் கேட்டால் கொடுக்கக் கூடாது, ஊரில் ஒருத்தரும் உன்னைக் குத்திப் பேசக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை அது மட்டும் இல்லை. எனக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். உனக்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை நிற்கவில்லை என்பது உனக்கே தெரியும்.

அம்மாவுக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. ஜனவரியில் நீ அழுதுகொண்டே போன் பண்ணினாயே, அன்றைக்குத்தான் பெட்டியைக் குடைந்து சான்றிதழை எடுத்துவிட்டாள். "ஏய்யா, நான் பெக்காத பிள்ளைய நானே பெத்ததா எழுதி வச்சிட்டு ஆறு வருஷமா என் பக்கத்துலயே படுத்துக் கொறட்டை விட்டியா" என்று கேட்டாள். மூன்று நாள் ரொட்டியை வழிப்போக்கனுக்கு வைப்பதுபோல வைத்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் தானே கோட்டை மாட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள், பெயரை மாற்றக் கோர்ட்டில் மனுப் போட்டோம். நீ போகும்போது அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்ததோ பிழைத்தோமோ, இல்லையென்றால் உன்னைத்தான் வரச் சொல்லியிருப்பார்கள், நீ அங்கிருந்து கிளம்பினால் அட்டையும் போயிருக்கும்.

பிப்ரவரியில் கோர்ட்டுக்குப் போனோம். நீதிபதி உன் வயசுப் பெண். காலிச்சா எழுந்து நின்று, "தொப்புள்கொடிய அறுத்தவ நான், சல்தனாத் போட்ட கூச்சல் இன்னும் என் காதுல இருக்கு, இந்த மனுஷன் அப்ப குதிரைக் கொட்டாய்ல ஒளிஞ்சுகிட்டிருந்தாரு" என்று போட்டு உடைத்தாள், அங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்மாவும் தன் பங்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பிறகு நீதிபதி என்னைப் பார்த்து, "நீங்க இந்தக் குழந்தைக்கு அப்பா இல்லைன்னு உங்க வாயால சொல்லணும் ஐயா" என்றாள். பிள்ளைக்கு என் மூக்குதான் என்று என்னவோ உளறினேன். அது பதில் இல்லை என்றாள். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "இல்லை" என்றேன். 

போன வாரம் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது, உறைக்குள் இருப்பது அதுதான். பிஷ்கெக்குக்கு நானே ஓட்டிப் போய் துருக்கி மொழிபெயர்ப்பு, முத்திரை எல்லாம் வாங்கிவிட்டேன். தாய் என்ற இடத்தில் உன் பெயர் இருக்கிறது. தந்தை என்ற இடத்தில் ஒரு கோடு. தாத்தா என்று அதில் ஒரு இடம் கிடையாது, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

பிள்ளையிடம் சொல்ல வேண்டியதும் என் தலையில்தான் விழுந்தது, கட்டினவன்தான் அவிழ்க்கணும் என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். நேற்று மத்தியானம் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது காரிலேயே சொன்னேன். சல்தனாத் உனக்கு அக்கா இல்லை, அவள்தான் உன்னைப் பெற்ற அம்மா, உன்னைத் தன்னிடம் கூட்டிக்கொள்ளப் போகிறாள் என்றேன். ஜன்னலில் படிந்த ஆவியில் விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அங்கே கடல் இருக்கிறதா என்றாள், இருக்கிறது என்றேன். கொஞ்ச தூரம் போனதும், "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டாள். தாத்தா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. "உன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற டிரைவர்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "சும்மா சொல்லாதீங்கப்பா" என்றாள். டயரைப் பார்க்கிறேன் என்று வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். டயருக்கு ஒன்றும் இல்லை.

மணி பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அசல் காகிதத்தை எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதே, நீயே வரிசையில் நின்று கொடு, நகல் இரண்டு எடுத்து வை, அன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. அவள் வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்துவிடுவாள், அதற்காக அதட்டாதே. சடையை இறுக்கிப் பின்னினால் அழுவாள், அம்மா பின்னும் விதத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். தூக்கத்தில் அப்பா என்று கூப்பிட்டால், அது என்னைத்தான், திருத்தாதே. என் மேல் உனக்கு எத்தனை வருஷம் கோபம் இருந்தாலும் இருக்கட்டும், அதை அவளுக்குக் காட்ட வேண்டாம். நீ போகிற வழியெல்லாம் உனக்குத் திறக்கட்டும், உன் அட்டையில் முத்திரை விழட்டும், அல்லா உங்கள் இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைக்கட்டும். மார்ச் இருபத்தெட்டை மறந்துவிடாதே.

இனி உனக்கு மட்டும் அப்பாவாகிய,
ஜூமாகாதிர்