ஹீரோவுக்கு மட்டும் ஃப்ளாஷ்பேக்

எங்கள் மல்லிகா அண்ணிக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. எதை முதலில் சொல்வது என்று யோசித்தேன். நீங்கள் இருந்திருந்தால் முதல் கேள்வி சீரியலைப் பற்றித்தான் இருந்திருக்கும். முடிந்துவிட்டது அண்ணி. கூலிங்கிளாஸ் திருந்திவிட்டான். மூன்று வருஷம் அந்தப் பெண்ணை அழவைத்தவன் கடைசி நாள் அவள் காலில் கொலுசு மாட்டினான், அவள் சிரித்தாள், குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. நீங்கள் பார்த்திருந்தால் ரிமோட் உடைந்திருக்கும்.

இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கூலிங்கிளாஸ் என்பது நாம் இரண்டு பேரும் அந்தச் சீரியல் கதாநாயகனுக்கு வைத்த பெயர். சாமி கும்பிடும்போதுகூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான். பழிவாங்குவதற்காகவே ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளை வீட்டில் ஒரு நாற்காலியைப் போல நடத்தினான். அவனையும் அவளையும் எடுத்துக்கொண்டு நீங்கள் உங்கள் செல்போனில் வேறொரு கதை எழுத ஆரம்பித்தீர்கள். அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் என்பதே உங்கள் பெண் பவி சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

மந்தைவெளி வீட்டில் மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு உட்கார்ந்து எழுதுவீர்கள். எழுதியதை வாட்ஸப்பில் எனக்கு அனுப்புவீர்கள். தி.நகரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடையில் ப்ரூஃப் பார்க்கிறவள் நான். மாப்பிள்ளை வீட்டார் பட்டங்களைச் சரிபார்த்த கையோடு உங்கள் கதைக்கும் ஒற்றுப் போட்டுத் திருப்பி அனுப்புவேன். நீங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இணையத்தில் உங்கள் கதைப் பக்கத்தில் போடுவீர்கள். "ஒத்து இல்லன்னா இன்னா சுதா, படிக்கறவங்களுக்கு அழுகை வராதா?" என்று கேட்பீர்கள். வந்தது அண்ணி. உங்கள் வாசகிகள் ஒற்றே இல்லாமல் அழுதார்கள்.

நமக்குள் இருந்த ஒரே சண்டை, அவனை மன்னிக்கலாமா கூடாதா என்பதுதான். நான் எப்போதும் அவன் கட்சி. "அண்ணி, அவன் பாவம். ஒரு தடவை ஆஸ்பத்திரியில படுக்க வைங்க, அவ வந்து பார்க்கட்டும், எல்லாம் சரியாப் போயிடும்" என்பேன். கீழே கருத்து எழுதுகிறவர்களும் என் பக்கம்தான். "சிஸ், சீக்கிரம் சேர்த்து வைங்க, ஹீரோ மூஞ்சியைப் பார்க்க முடியல" என்று கெஞ்சுவார்கள். ஒருத்திகூட "சிஸ், ஹீரோயின் மூஞ்சி எப்படி இருக்கு?" என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் ஏன் அவனுக்காக அப்படி வாதாடினேன் என்று உங்களுக்குத் தெரிந்தே இருந்தது, இல்லையா? நான் கூலிங்கிளாஸுக்காகப் பேசவில்லை. அண்ணனுக்காகப் பேசினேன்.

அண்ணன் கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் அவனை நல்லவனாக வைத்திருந்தோம். கோபம் வந்தால் பேசமாட்டான், அவ்வளவுதானே என்போம். உங்கள் தம்பி கல்யாணத்தில் அவனை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று தீபாவளிக்கு நிறுத்திய பேச்சைச் சித்திரை பிறந்த பிறகுதான் ஆரம்பித்தான். நடுவில் எல்லாம் பவி மூலமாகத்தான். நீங்கள் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள், அவன் வாசற்படியில் நின்று, "உங்கம்மாகிட்ட சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு" என்பான். அந்தக் குழந்தை திரும்பி உங்களைப் பார்த்து அதையே ஒரு தடவை சொல்லும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம் அண்ணி. அஞ்சல்காரி என்று பவிக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான்.

ஒரு நாள் கடைக்கு வந்திருந்தீர்கள். பாண்டி பஜாரில் பவிக்குச் சுடிதார் எடுத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அன்றைக்குத்தான் அண்ணனின் கதையைச் சொன்னேன். அவனுக்குப் பத்து வயதில் அப்பா அவனை நடுத்தெருவில் பையன்களுக்கு முன்னால் வைத்து அடித்தது. அவன் எதிர்த்துப் பேசப் பேச அடி கூடியது. வாயை மூடிக்கொண்டதும் நின்றது. அன்றிலிருந்து கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறவனாகிவிட்டான். இதைக் கூலிங்கிளாஸுக்கு ஃப்ளாஷ்பேக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

எவ்வளவு அருமையாக எழுதினீர்கள்! கடையில் உட்கார்ந்து படித்துவிட்டு, வாடிக்கையாளர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வாசகிகள் மொத்தமாக அவனை மன்னித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும் எனக்குப் போன் செய்து, "சரி சுதா, அவனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் குடுத்துட்டோம். அவளுக்கு?" என்று கேட்டீர்கள். "ஹீரோயினுக்கு எதுக்கு அண்ணி ஃப்ளாஷ்பேக்?" என்று சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று ஞாபகம் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு அத்தியாயம் அனுப்பினீர்கள். அதில் அவள் அடுப்படியில் இருக்கிறாள். அவள் போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கிறது. அது அடிக்க, அவன் எடுக்கிறான். அவள் அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே அனுப்புங்கள் என்கிறார்கள். "சொல்றேன்" என்று வைக்கிறான். ஆனால் அப்போது அவன் அவளோடு பேசாமல் இருக்கிற சமயம். பேசினால் தோற்றமாதிரி ஆகிவிடும். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தை வரட்டும், குழந்தையிடம் சொல்லி அனுப்பலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்து காத்திருக்கிறான். நாலு மணி நேரம். அதற்குள் அந்த அம்மா போய்விடுகிறாள்.

நான் என்ன பதில் எழுதினேன் என்பது என் போனில் இன்னும் இருக்கிறது. "இது ரொம்ப ஓவர் அண்ணி. எவ்ளோ கெட்டவனா இருந்தாலும் யாரும் இப்படிப் பண்ணமாட்டாங்க. நம்பற மாதிரி இல்ல. எடுத்துடுங்க." இதற்கு நீங்கள் அனுப்பிய பதில் இரண்டே வார்த்தை. "சரி சுதா." அத்தோடு கதையை நிறுத்திவிட்டீர்கள். இடுப்பு வலி, எழுத முடியவில்லை என்றீர்கள். அந்த வலி என்ன வலி என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது நாள் கடந்துவிட்டிருந்தது.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் இப்போது பேசுகிறான் அண்ணி. உங்கள் படத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையில் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. பால் திரிந்துபோனதைச் சொல்கிறான், குளத்தங்கரையில் யாரைப் பார்த்தான் என்று சொல்கிறான், மன்னிச்சுடு மல்லி என்கிறான். இதில் பாதியையாவது உங்கள் காது கேட்கச் சொல்லியிருக்கக்கூடாதா?

பவிக்கு வேளச்சேரியில் வேலை. காரியம் முடிந்த கையோடு அங்கேயே லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அப்பாவின் போனை எடுப்பதில்லை. போன மாதம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "நான் முன்ன மாதிரி இல்ல சுதா. நீயே பாத்துக்கினுதானே கீற? பவிகிட்ட சொல்லு. வீட்டுக்கு வரச் சொல்லு" என்று அழுதான். என் கூடப் பிறந்தவன், அவன் அழுதால் எனக்கும் அழுகை வரும். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினேன்.

ஹாஸ்டல் வாசலில் இருந்த டீக்கடையில் நின்று, வழக்கம்போல அவன் கட்சியைப் பேசினேன். தாத்தா அடித்தது, தெருவில் நின்றது, எல்லாவற்றையும் பவியிடமும் சொன்னேன். அவள் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நங்கநல்லூர் பாட்டி செத்தப்ப அம்மா ஏன் லேட்டாப் போனாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"ஆட்டோ கிடைக்கலைன்னு அண்ணன் சொன்னானே."

"ஆட்டோ தெருமுனையிலேயே நின்னுது. நான் ஸ்கூல்ல இருந்து வந்து ஷூகூடக் கழட்டல. அப்பா என்னைக் கூப்பிட்டு, 'உங்கம்மாகிட்ட சொல்லு, பாட்டிக்கு சீரியஸாம்'னாரு. காலையில வந்த போன் அத்தை அது. நான்தான் போய்ச் சொன்னேன். எனக்குப் பதினொரு வயசு."

மந்தைவெளியிலிருந்து நங்கநல்லூர் என்ன அமெரிக்காவா? ஆட்டோ கிடைக்கவில்லை என்று துக்கம் கேட்க வந்த பத்துப் பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பத்து வருஷத்துக்கு மேல் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, கதை என்ற சாக்கில் என்னிடம்தான் முதலில் நீட்டினீர்கள். நான் நம்பும்படி இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். பிழை திருத்துகிறவள் அண்ணி நான்! கதையிலேயே பிழை இல்லாத இடம் அதுதான். அதை அடித்தேன். அதற்கு எனக்கு மன்னிப்பு உண்டா?

பவியிடம் வீட்டுக்கு வா என்று நான் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் அண்ணன், "சொன்னியா? இன்னா சொன்னா?" என்று வாசலுக்கே ஓடிவந்தான். "நங்கநல்லூர் போன் விஷயத்தைச் சொன்னா" என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மறுக்கவில்லை. "அவ்ளோ சீக்கிரம் போயிடுவாங்கன்னு நினைக்கல சுதா" என்றான். பிறகு, "நீ அவளுக்குப் புரியவை. நீ சொன்னா கேப்பா" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "இன்னும் எத்தனை பேரை விட்டுச் சொல்லுவ? அன்னிக்கு அந்தக் குழந்தைய விட்டுச் சொன்ன, இப்ப என்னை அனுப்பற. உனக்கு வாய் கீது இல்ல? ரயில் கீது இல்ல? நீயே போய்ச் சொல்லுண்ணா" என்றேன். அவனை அப்படி ஒரு வார்த்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

போனான் அண்ணி. அதையும் சொல்லவேண்டும், அவனுக்கும் நியாயமாக இருக்கவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனான். இரண்டு தடவை அவள் கீழே வரவில்லை. மூன்றாம் தடவை வந்தாள், அவன் பேசியதை முழுக்க நின்று கேட்டாள், சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். "அதுக்கு இன்னா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

திருந்தினவனுக்கு மன்னிப்பு உண்டா என்றால் இருக்கலாம் அண்ணி. அவன் திருந்தியது உண்மை, பார்க்கிறேன். ஆனால் கொடுக்கவேண்டியவர்களில் ஒருத்தர் இல்லை, இன்னொருத்தி இன்னும் யோசிக்கிறாள். வாசகிகளுக்கும் நாத்தனார்களுக்கும் இதில் என்ன அவசரம்? கதை சுபமாக முடிந்தால் நமக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதானே?

நேற்று அந்த அத்தியாயத்தை உங்கள் கதைப் பக்கத்தில் போட்டேன். பவியிடம் கேட்டுத்தான் செய்தேன். "அம்மா எழுதினது அம்மா பேர்ல வரட்டும் அத்தை" என்றாள். ஒரு ஒற்றுப்பிழையைக்கூடத் தொடவில்லை, நீங்கள் அனுப்பியபடியே போட்டிருக்கிறேன். கதை எழுதியவர் இப்போது இல்லை என்பதையும் கீழே எழுதினேன். நிறையப் பேர் அழுதிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், "சிஸ், அதுக்கப்புறம் அவங்க எப்படி அந்த வீட்டிலேயே இருந்தாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதில் எழுதப் போனை எடுத்தேன். எப்படி இருந்தீர்கள் அண்ணி? அன்றைக்கு நங்கநல்லூரிலிருந்து திரும்பி வந்து அவனுக்குச் சாப்பாடு போட்டீர்களே, எப்படி? "தெரியாது. நான் அவங்க நாத்தனார். ஒருநாளும் கேட்டதில்லை" என்று எழுதினேன்.

உங்கள் கதைக்கு முடிவு எழுதித்தரச் சொல்லிக் கேட்கிறார்கள், அண்ணனும் ஒருவிதத்தில் அதைத்தான் கேட்கிறான். உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். பவியின் முன்னால் இனி அவன் கட்சி பேசமாட்டேன். அவள் என்றைக்காவது தன் கதையைச் சொல்ல வந்தால், குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பேன்.

உங்களை நம்பாமல் போன நாத்தனார்,
சுதா