சாற்றில் ஊற்றிய சுண்ணாம்பு

பெரம்பலூர்
6.2.1984

அன்புள்ள அய்யம்பெருமாளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பிலாய்க் குளிரில் உன் இருமல் நின்றதா என்பதுதான் எங்கள் கவலை. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்பதால் முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்.

1. ஆலைக்குள் நான் கண்டது.
2. இந்த வருடக் கரும்பை ஆலைக்கு அனுப்பாமல் நாமே வெல்லம் காய்ச்சுவது.
3. மலர்க்கொடியின் பயணம்.

வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போனேன். வரும் வியாழனன்று நம் இரண்டு ஏக்கரையும் வெட்டச் சொல்லி உத்தரவுச் சீட்டுக் கொடுத்தார்கள். என்னிடம் நான்காம் வகுப்புப் படித்த கருப்பண்ணன் அங்கே சாறு காய்ச்சும் இடத்தில் வேலை பார்க்கிறான், உள்ளே கூட்டிப் போனான். போகாமலே இருந்திருக்கலாம். உருளைகளில் நசுங்கி வரும் சாறு மழைக்காலக் குட்டைத் தண்ணீர் போலக் கலங்கிக் கிடக்கிறது. அதில் சுண்ணாம்புப் பாலை ஊற்றுகிறார்கள் தம்பி, சுண்ணாம்பு! போதாதென்று கந்தகத்தை எரித்து அந்தப் புகையையும் உள்ளே விடுகிறார்கள். அழுக்கு அடியில் படிந்ததும் தெளிந்த சாற்றைப் பாகாகக் காய்ச்சி, மணிமணியாகத் திரண்டதைத் தொட்டியில் போட்டு வேகமாகச் சுழற்றுகிறார்கள், கறுப்புப் பாகு வெளியே போய்ச் சர்க்கரை மட்டும் வெள்ளையாக நிற்கிறது. "சுண்ணாம்பு போடலன்னா அழுக்கு உக்காராதுங்க சார், நீங்க மட்டும் வெத்தலையில தடவித் திங்கலாமா" என்று கருப்பண்ணன் சிரித்தான். 'கரும்புச் சாற்றைக் காய்ச்சினால் சர்க்கரை' என்று முப்பத்திரண்டு வருடம் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தவன் நான்.

இரண்டாவது. சீட்டைப் பஞ்சாங்கத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், வெட்டு ஆட்களுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த முறை தவறினால் அடுத்தது சித்திரை வெயிலில்தான், கரும்பு காய்ந்து சக்கையாகிவிடும். ஆனாலும் நம் வெல்லத்தில் சாறும் நெருப்பும் தவிர வேறொன்றும் கிடையாதே. நான் நினைப்பது சரிதானா என்று எனக்கே துணிச்சல் வரவில்லை, நீ எழுது.

மூன்றாவது, மருமகள் மலர்க்கொடிக்கு ஐந்தாம் மாதம், தனியாக ரயிலேற்றாதே, நீயே கூட்டி வா. குழந்தையும் தாயும் நலமாக இருக்க எங்கள் ஆசிகள். மறக்காமல் கழுத்தில் மப்ளர் சுற்று.

இப்படிக்கு
உன் அப்பா
அங்கமுத்து

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஆலையில கரும்பப் பதியறதுக்கு முன்னாடி, வருசா வருசம் நம்ம வெல்லக் கொப்பரைக்கு ஒரு பானை சுண்ணாம்பு வாங்கியாந்தது யாருங்க?" என்றாள். காய்ச்சும் ஆட்களின் வெற்றிலைக்கு என்றுதான் நினைத்திருந்தேன், செலவு நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன். "நாலு ஆளு ஒரு பானை சுண்ணாம்பையா வெத்தலையில தடவுவான்? பொங்குற சாத்துல அத ஊத்தித்தான் அழுக்க அள்ளுவாங்க, நீங்க அங்கதான நின்னீங்க!" என்று அவள் சிரித்தது தெரு முனை வரை கேட்டிருக்கும். கந்தகப் பயம் மட்டும் இன்னும் போகவில்லை. வெட்டு ஆட்களிடம் சொல்லக் கிளம்புகிறேன். இரண்டாவதாக நான் எழுதியது தவறு.