மூன்றாவதாக இறங்கியவள்

மார்ச் 8, சனி. பண்டாரவளை.

இருட்டில் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதிப்பவர்களை இன்றுதான் முதல் தடவையாக வீடியோ எடுத்தேன். பதினைந்து வருடமாக எடுத்ததெல்லாம் கல்யாணமும் சடங்கும்தான்.

குழுத் தலைவர் விமானம் ஏறும் முன்பே சொன்னார்: "தோட்டத்து மைதானத்துல நாங்க வச்ச பச்சை லைட் மட்டுந்தான் எரியணும். வெள்ளை லைட் போட்டுறாதீங்கண்ணே, இறங்குறவங்களுக்குக் கண்ணு கூசிரும்."

முதல் இருவர் நல்லபடியாக இறங்கி, பாரசூட்டைச் சுருட்டிக்கொண்டு ரோட்டில் நின்ற வேனுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக நிரோஷா என் கேமராவை நோக்கி வந்தாள். முகம் தெரியவில்லை. மணப்பெண் வாசலுக்கு வந்ததும் லைட் போட்டுப் பழகிய கை, தானாகக் கேமராவின் வெள்ளை லைட்டைப் போட்டுவிட்டது. உடனே அணைத்தேன். அதற்குள் அவள் மைதானத்தைத் தாண்டித் தேயிலைக்குள் விழுந்துவிட்டாள். பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கும் தோட்டத் தொழிலாளர்கள்தான் தூக்கி வந்தார்கள். கணுக்கால் முறிந்திருந்தது. லைட் போட்டது தப்பென்று அவர்களுக்குத் தெரியாது. தலைவர் அப்போது மேலே விமானத்தில் இருந்தார்.

வேனில் ஏற்றும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "திடீர்னு கண்ணுக்குள்ள பளிச்சுன்னு ஆகி இருண்டுருச்சுண்ணே. மயக்கம்னு சொன்னா இனிமே குதிக்க விடமாட்டாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னு உங்க வீடியோவப் பாத்தாத்தான் தெரியும்."

காலையில் வீடியோவை அவளிடம் கொடுக்க வேண்டும். இப்போது போட்டுப் பார்த்தேன். எடுத்ததிலேயே அவள் முகம் மட்டும்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.