சம்பந்திக்குக் காகிதத் தட்டு

மெர்கோங், அலோர் ஸ்டார்
6 ஜனவரி 2025

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா சைதூன் அவர்களுக்கு,

ஞானாம்பிகை எழுதுவது. இங்கே நானும் இவரும் சுகம். அங்கே நீங்களும் அய்யூப் பாயும் மாப்பிள்ளை நயீமும் என் மகள் சுகந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் பாதியிலேயே போனை வைத்துவிடுவேன். காலமெல்லாம் அரசாங்க ஆபீசில் கடிதம் எழுதியே பிழைத்தவள். எனக்கு இதுதான் கைவரும்.

சுகந்திக்கு அடுத்த மாதக் கடைசியில் பிள்ளை பிறக்கப் போகிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி வைத்துக் கொடுப்பது எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் வழக்கம். மல்லி, மிளகு, சீரகம், சுக்கு, மஞ்சள் எல்லாம் வறுத்து அரைத்து, மிளகாயே இல்லாமல், உள்ளிப் பூண்டு மட்டும் அள்ளிப் போட்டுக் கோழியில் வைப்போம். அந்த ஒரு மாதம் பெற்ற மகளுக்கு என் கையால் சமைத்துப் போட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. அவளிடம் கேட்டால், "வேணாம்மா, இங்க எல்லாம் பாத்துக்குறாங்க" என்கிறாள். வேறு பேச்சு இல்லை.

அம்மா, மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்காக அவள் மதம் மாறினாள். பெயர் மாற்றிக் கையெழுத்துப் போட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. ஆனாலும் சண்டை போடவில்லை. இப்போது என் சமையலும் அவளுக்கு ஆகாது என்று உங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறீர்களோ என்று நினைக்கிறேன். தீபாவளிக்கு வந்தபோது நீங்கள் எதையும் தொடவில்லை. தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு போனும் இல்லை.

என் அடுப்படிதான் ஆகாது என்றால் நான் அங்கே வந்து உங்கள் சட்டியில், உங்கள் கடைக் கோழியில் சமைக்கிறேன். அதற்காவது சம்மதம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஞானாம்பிகை சிவகுரு


கோத்தா கோலா மூடா
14 ஜனவரி 2025

சம்பந்தி அம்மாவுக்கு சைதூன் எழுதிக்கொண்டது.

இன்றைக்குப் பொங்கல். நல்ல நாளும் அதுவுமாகக் கோபமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருக்கும். சொல்லப் போகும் விஷயத்தில் பிழை இல்லை.

உங்கள் சமையல் ஆகாது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அல்லா மேல் ஆணை. வேண்டாம் என்றது உங்கள் மகள்தான். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு முதல் முதலாக வருகிறோம். நான் புதுப் பட்டு கட்டி, பெட்டி நிறைய பலகாரம் தூக்கிக்கொண்டு வந்தேன். உங்கள் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டு வரிசை வரிசையாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அதில்தான் முறுக்கு வைத்துக் கொடுத்தீர்கள். எங்களுக்கு? காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் கப்பு. சாப்பாடு, கடையில் தப்பாவ் என்று பார்சல் கட்டி வாங்கிய பிரியாணி, ரப்பர் பேண்டுகூட இன்னும் கழற்றவில்லை. இவங்க, எங்க வீட்டுக்காரங்க, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாங்க. எங்களுக்குப் பிரியாணி பொட்டலமா?

அம்மா, எங்க அத்தா சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவங்க. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டுக்குப் போனால் பின்வாசலில் பால் டின்னில்தான் தண்ணி கொடுப்பாங்க. உங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள்தான் அந்தக் காலத்தில் முக்கால்வாசி கிராணிமார். அந்த டின் எங்களுக்கென்றே தனியாக வெளியே தொங்கும். அத்தா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வராது. உங்கள் வீட்டில் அந்தக் கப்பைக் கையில் வாங்கியதும் எனக்கு அந்த டின் ஞாபகம்தான் வந்தது. எப்படித் தண்ணி குடிப்பேன்?

சம்பந்தி ஐயா ஒரு வணக்கம் போட்டுவிட்டு அறைக்குள் போனவர் நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

எங்களை விடுங்கள். உங்கள் மகளுக்கும் அதே காகிதத் தட்டு! பிறந்து வளர்ந்த வீட்டில் வயிற்றுப் பிள்ளைக்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். காரில் ஏறியதும் ஓவென்று அழுதாள். "என்னை அம்மா வேத்து மனுஷி ஆக்கிட்டாங்க மாமி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நீங்கள் வந்து சமைப்பதற்கு நான் தடை இல்லை. உங்கள் மகள் மனதுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சைதூன் அய்யூப்


மெர்கோங்
18 ஜனவரி 2025

சைதூன் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். ஐயோ, நான் என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்!

கேளுங்கள். நீங்கள் தீபாவளிக்கு வருகிறீர்கள் என்றதும் ஒரு வாரமாக எனக்கு ஒரே பதற்றம். எங்கள் வீட்டில் கோழி வாங்குவது கண்ட இடத்தில். இவர் சிநேகிதர்களோடு வெளியே என்ன தின்றார், எதை வீட்டுக்குக் கட்டி வந்து எந்தத் தட்டில் போட்டார் என்பதற்கு நான் சாட்சி இல்லை. அந்தத் தட்டை உங்கள் முன்னால் வைத்து, நீங்கள் மரியாதைக்காக வாங்கிவிட்டு மனதுக்குள் சங்கடப்பட்டால் என்ன செய்வேன்? என்னோடு வேலை பார்த்த மலாய்க்காரத் தோழியைக் கேட்டேன். "சுலபம்லா ஞானா. ஹலால் கடையில் வாங்கு, காகிதத் தட்டில் கொடு, பொட்டலத்தை அவர்கள் கண் முன்னாலேயே பிரி. யாருக்கும் சங்கடம் இல்லை" என்றாள். ஆபீஸ் விருந்துக்கெல்லாம் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

அதனால்தான் அம்மா அந்த ரப்பர் பேண்டைக் கழற்றவில்லை. கடையில் கட்டியது கட்டியபடி இருக்கிறது, என் கை படவில்லை என்று உங்களுக்குத் தெரியட்டும் என்று வைத்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

பால் டின் கதை பொய் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அப்படிப்பட்ட வீடுகள் எங்கள் ஆட்களிடம் இருந்தன. உங்கள் அத்தாவை அப்படி நடத்தியது அநியாயம். என் வீட்டுப் பிளாஸ்டிக் கப்பைப் பார்த்ததும் உங்களுக்கு அது ஞாபகம் வந்ததில் தப்பே இல்லை. கேட்டிருக்கலாமே அம்மா. "என்ன ஞானாம்பிகை, தட்டு இல்லையா?" என்று ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன்.

இவர் அறைக்குள் போனது மட்டும் கோபத்தில்தான். உங்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. மகள் மேல் கோபம். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவளோடு ஒரு சொல் பேசவில்லை. அதற்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன்.

சுகந்திக்கு ஏன் அந்தத் தட்டு என்றால், அவளும் இப்போது முஸ்லிம் பெண். அவளுக்கு மட்டும் பழைய தட்டில் வைத்தால் மாமியார் முன்னால் அவளுக்குக் கஷ்டம் வருமே என்றுதான் வைத்தேன். அவள் அழுதாள் என்று படித்ததிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடுங்கள்.

உங்கள்
ஞானாம்பிகை


கோத்தா கோலா மூடா
25 ஜனவரி 2025

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

இனிமேல் சம்பந்தி அம்மா இல்லை, அக்காதான். நீங்கள் என்னைவிடப் பெரியவரா சின்னவரா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

அந்த ரப்பர் பேண்டு விஷயத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் இவங்க கடையிலிருந்து ஓடி வந்துவிட்டாங்க. இவங்களுக்கும் படித்துக் காட்டினேன். "அந்தம்மா நமக்காகப் பயந்துருக்காங்க, நீ அவங்களப் பத்தி மூணு மாசமா கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்த" என்று எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. வாங்கிக்கொண்டேன். வீடு வீடாகப் போய் உங்களைத் திட்டினவள்தானே நான்.

சுகந்தியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். ஆமாம், எழுத்தில் என்ன பெயர் ஆனாலும் எங்களுக்கும் அவள் சுகந்திதான். அறைக்குள் போய்ப் படித்தாள். வெளியே வந்தபோது முகம் வீங்கியிருந்தது. "எங்கம்மா மாதிரி ஒரு லூசு உண்டா மாமி?" என்று சொல்லிச் சிரித்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். அழுது முடித்ததும் "மாமி, எனக்கு அம்மா வைக்கிற சரக்குக் கறி வேணும்" என்றாள். பிள்ளை பிறக்கும் முன்னாலேயே கேட்கிறாள் பாருங்கள்!

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் இங்கே வந்து சமைக்க வேண்டாம். தலைப்பிள்ளை தாய் வீட்டில். எங்கள் ஆட்களிலும் அதுதான் வழக்கம். நானும் நயீமை எங்க அம்மா வீட்டில்தான் பெற்றேன். உங்கள் மகளை உங்கள் வீட்டில் கொண்டு வந்து விடுகிறோம். உங்கள் அடுப்பு, உங்கள் சட்டி. நன்றாகக் கழுவினால் போதும், கோழி மட்டும் எங்கள் ஆட்கள் அறுத்ததாக இருக்கட்டும் என்கிறாங்க இவங்க. அலோர் ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரியும் உங்களுக்குப் பக்கம்.

நயீம் மட்டும் தயங்கினான். "மாமா ஏதாச்சும் சொல்லிட்டா அவ தாங்க மாட்டா உம்மா" என்கிறான். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது அக்கா. பிள்ளை பெற்ற உடம்புக்காரியிடம் யாரும் முகம் திருப்பக் கூடாது. அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்வேன் என்று ஒரு வரி எழுதுங்கள், கூட்டி வருகிறோம்.

உங்கள் தங்கை
சைதூன்


மெர்கோங்
29 ஜனவரி 2025

சைதூன்,

பார்த்துக்கொள்வேன். கூட்டிக்கொண்டு வா.

ஞானாம்பிகை


மெர்கோங்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள சைதூனுக்கு,

நீ முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு ஓடிவிட்டாய். நோன்பு வருகிறது, கடையில் வேலை இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் நீ பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் போய்விட்டாய். அதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பேத்தி சுகம். நிறம் உன் நிறம், சத்தமும் உன் சத்தம். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு பிடித்துவிட நீ அனுப்பிய மலாய் மக்சிக் அம்மா இன்று காலையில் வந்தாள். வந்ததும் என் சட்டியைத் திறந்து பார்த்து, பந்தாங் என்கிற பத்தியக் காலத்தில் கோழி கூடாது, மீன்தான் கொடுக்க வேண்டும் என்று சண்டை. கோழி இல்லாமல் என்ன பத்தியம் என்று நான் சண்டை. கடைசியில் ஐஸ் தண்ணீர் கூடாது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்றானோம். அதில் சுகந்தி வசமாக மாட்டிக்கொண்டாள்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தோம். இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுகந்தி இங்கே வந்து இத்தனை நாளும் இவர் பேசவில்லை. முகம் திருப்பவும் இல்லை. அவள் கூடத்தில் இருந்தால் இவர் வாசலில் இருப்பார். பிள்ளையின் காதில் நயீம் பாங்கு சொன்னபோதுகூட வார்டுக்கு வெளியேதான் நின்றார். ஆனால் நேற்று நாங்கள் வந்து சேரும் முன்னாலேயே மனிதர் பாசார் சந்தைக்குப் போய்க் கோழி வாங்கி வந்துவிட்டார். அந்தக் கடைக்காரர் தலையில் தொப்பி போட்ட ஹாஜி. அவரிடம் போய் "இது ஹலால்தானே? நிச்சயம்தானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். ஹாஜிக்குக் கோபம் வந்துவிட்டதாம்.

மத்தியானம் கறி வைத்தேன். சுடுசோற்றில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுகந்தி முதல் வாயை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குனிந்த தலை நிமிராமல் தின்றாள். பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நாள் கழித்து அவள் என் சோற்றைத் தின்கிறாள். நான் அழவில்லை சைதூன், நீ நம்பினால் நம்பு.

அவள் தட்டை வழித்துக்கொண்டிருக்கும்போது வாசற்படியில் நிழல் தட்டியது. இவர். உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போதுமா என்பதை எங்கள் வீட்டில் காணுமா என்றுதான் கேட்போம். ஒன்றரை வருடத்துக்கு மேல் பேசாமல் இருந்த மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு,

"காணுமோ பிள்ளை?" என்றார்.

அவள் வாயில் சோற்றோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"காணாதப்பா. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்கோ."

நான் அகப்பையை எடுக்கப் போனேன். இவர் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

உன் அக்கா
ஞானாம்பிகை