மலைக்கு மாற்றலான பாட்டில்கள்

திருமுல்லைவாயில்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அகல்யா கண்ணுக்கு உன் நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அவள் மூக்கு மட்டும் இந்த வாரம் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறது, அதற்கும் நீதான் காரணம், அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் குளிரில் நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது போடு. போன் போட்டால் உன் மலையில் சிக்னல் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் உன் அம்மா பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால்தான் இந்த அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தாமல் படித்துக்கொள் டீச்சர். முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வாயால் உனக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். போன மாசக் கடைசியில் நம் தெருமுனை ஃபிளாட்டின் குப்பைத் தொட்டிக்குள் நான் இடுப்புவரை குனிந்திருந்தபோது உன் அத்தை அனுசுயா பார்த்துவிட்டாள். பேரனுக்குக் காதுகுத்து, பத்திரிகை வைக்க வேப்பம்பட்டில் இருந்து ரயிலேறி வந்திருக்கிறாள், பட்டுப்புடவை, கையில் தாம்பாளம், தொட்டிக்கு வெளியே தெரிந்த லுங்கியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். இன்னாண்ணா, எதுனா தொலைச்சிட்டியா என்று கேட்டாள். மோதிரம் என்றேன். மோதிரம் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், பிறகு இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். பத்திரிகை வைத்துவிட்டுக் கிளம்பும்போது, மொய்யெல்லாம் ஒண்ணும் வேணாண்ணா, நீங்க ரெண்டு பேரும் வயிறார சாப்ட்டு போனா போதும் என்று வாசலில் ஒரு தடவையும் தெருவில் ஒரு தடவையும் சொன்னாள். நமக்கு என்ன நிலைமை வந்துவிட்டது என்று வேப்பம்பட்டு முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும்.

எல்லாம் உன் கடிதத்தால் வந்தது. கவர்மெண்டு கொடுத்த பூதக்கண்ணாடி, காந்தம், கண்ணாடிக் குடுவை எல்லாவற்றையும் உன் ஹெட்மாஸ்டர் கண்ணாடி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, உடைஞ்சா ஆடிட்டுக்கு யாரு பதில் சொல்றது என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றுகிறார் என்று எழுதியிருந்தாய். வருஷமெல்லாம் சந்தனத்துக்குள் இருக்கிற நம் மாசிலாமணீஸ்வரரைக்கூட சித்திரையில் ஒரு தரமாவது சந்தனக்காப்பு இல்லாமல் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது, உங்கள் பூதக்கண்ணாடிக்கு அந்த யோகம்கூட இல்லை போலிருக்கிறது. அரையாண்டுப் பரீட்சைக்குள் பிள்ளைகள் தங்கள் கையால் தொட்டு ஒரு சோதனையாவது செய்யாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். வீட்டுக் குப்பையிலேயே எல்லாக் கருவியும் செய்யலாம், ஆனால் மலையில் குப்பைகூடக் கிடைக்கவில்லை, வீட்டில் சும்மா கிடக்கிற பாட்டில், டப்பா, ரீஃபில், சைக்கிள் டியூப் எதுவானாலும் அனுப்பு நைனா என்று படமெல்லாம் போட்டிருந்தாய். நான் சத்தமாகத்தான் படித்தேன். வந்துவிடுகிறேன் என்ற வார்த்தைக்கு மேல் உன் அம்மா காதில் ஒன்றும் ஏறவில்லை. அன்றைக்கே பரணில் கிடந்த உன் மடக்குக் கட்டிலை இறக்கி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வெயிலில் நிறுத்திவிட்டாள்.

சும்மா கிடக்கிறதை அனுப்பு என்று சுலபமாக எழுதிவிட்டாய். நம் வீட்டில் எது சும்மா கிடக்கிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு, அதைவிடப் பெரியதில் சீயக்காய்த்தூள், ஜாம் பாட்டிலில் கடுகு, ஐஸ்கிரீம் டப்பாவில் கருவடகம், எண்ணெய் கேனின் கீழ்ப்பாதியில் கற்பூரவல்லிச் செடி, மேல்பாதியில் புனல், உன் பழைய பல் பிரஷ் மிக்சி கழுவுகிறது, என் பழைய பனியன் அடுப்பு துடைக்கிறது. எல்லாரும் வேலையில கீறாங்க, ஞாயித்துக்கெழமையில சும்மா கெடக்கறது நீ ஒருத்தன்தான், வேணும்னா உன்ன பார்சல் கட்டி அனுப்பட்டா என்று உன் அம்மா கேட்டாள். பச்சை மூடி போட்ட ரசப்பொடி பாட்டிலை நைசாகத் தொட்டுப் பார்த்தேன். த பாரு, அது மேல கைய வெச்சே, கஞ்சி கெடையாது உனக்கு, எம்பொண்ணு ஊட்டுக்கு வந்தா ரசப்பொடிய இன்னா உன் சட்டை ஜோபியிலயா போட்டு வெப்பேன் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டில் மலைக்குப் போகாவிட்டால் நீ வந்துவிடுவாய். உன் அம்மாவின் விஞ்ஞானம் அவ்வளவுதான், அதற்குக் கருவியே தேவையில்லை.

அதனால் ஃபிளாட்டுக்குப் போனேன். தினம் காலையில் அங்கே வண்டி கொள்ளாத அளவுக்குப் பாட்டில் வருகிறது, கேட்டால் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்காமல் இருந்திருக்க வேண்டும். நேற்றுவரை குப்பை, நான் கேட்டதும் சொத்தாகிவிட்டது. செக்ரட்டரி கிருபாகரன் சார் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, என்னை உட்காரவைத்து டீ கொடுத்து, ரொம்ப நல்ல விசயமுங்க, ஆனா இத முறைப்படி செய்யோணுமுங்க என்றார். முறைப்படி என்றால் முதலில் வாட்ஸப்பில் ஒரு குரூப், பிறகு குரூப்புக்கு என்ன பெயர் என்று ஒரு சண்டை, பிறகு ஒரு மீட்டிங். என் ஆதார் நகல் கேட்டார்கள். மலைப் பிள்ளைகள் நன்றி சொல்லி வீடியோ அனுப்புவார்களா என்று ஒரு அம்மா கேட்டார், எங்க பாட்டில்ல எங்க பேரு தெரியுற மாதிரி வெப்பாங்களா என்று இன்னொருவர். ஒரு வீட்டில் தானம் கொடுக்கக் காலி பாட்டில் இல்லை என்று புதிதாக ஜூஸ் வாங்கி, சர்க்கரை ஜாஸ்தி என்று வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுப் பாட்டிலைக் கொடுத்தார்கள். குப்பையைக் குறைப்போம் என்று ஒரு பேனர் அடித்தார்கள், நம் வீட்டுக் கூரைக்குப் போட்டால் வடாம் காய வைக்க வெளியே இடம் மிஞ்சாது, அத்தனை பெரிசு. இதெல்லாம் முடிவதற்குள் உன் அரையாண்டு வந்துவிடுமே என்றுதான் நான் தொட்டிக்குள் தலையை விட்டேன், அனுசுயா வந்தாள்.

அவள் வந்தாலும் அன்றைக்கு ஒரு பாட்டிலோடுதான் வெளியே வந்தேன். அதைப் பாதியாக வெட்டி, நீ போட்ட படத்தைப் பார்த்து, கழுத்தில் ஸ்டிராவைச் செருகி, உள்ளே ஒரு பலூன் கட்டி, அடியில் இன்னொரு பலூனைக் கிழித்து இழுத்து மூடினேன். அடிப் பலூனைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கிற பலூன் தானாக மூச்சு வாங்கியது, விட்டால் அடங்கியது. யாரும் ஊதாமல் ஊதிக்கொள்கிற பலூனை நான் அதுவரை பார்த்ததில்லை, இஸ்திரி மேஜைமேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இழுத்து இழுத்து விட்டேன். உன் அம்மா எட்டி நின்று பார்த்துவிட்டு, உன்ன மாதிரியே கீது, தொப்பைய இழுத்தாத்தான் மூச்சே வருது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கம்பெனிக்குப் போயிருந்த நேரத்தில் அவளும் இழுத்துப் பார்த்திருக்கிறாள், பலூனில் மஞ்சள் விரல் பதிந்திருந்தது.

பிறகு ஃபிளாட் மூட்டை வந்தது. கிருபாகரன் சார் ஆள் வைத்துத் தூக்கிவந்து வாசலில் இறக்கிவிட்டு, மலைக்கு நம்ம அன்பளிப்புங்க என்றார். அவர் போனதும் உன் அம்மா பிரித்தாள். ஊறுகாய் எண்ணெய் வழிகிற பாட்டில், எறும்பு மொய்த்த ஜூஸ் பாட்டில், மருந்து நாற்றம், உடைந்த ரிமோட், ஒற்றைக்கால் செருப்பு ஒன்று. செருப்பை வைத்து என்ன விஞ்ஞானம் சொல்லித்தருவது என்று நீதான் எழுத வேண்டும். உன் அம்மா முகம் மாறிவிட்டது. இன்னாய்யா நென்ச்சினுகீறானுங்க, எம்பொண்ணு மலையில காயலாங்கடையா வெச்சினுகீறா, ஊரான் ஊட்டு எச்ச பாட்டிலயா அவ புள்ளைங்க தொடணும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டவள், நேராக சமையல்கட்டுக்குப் போனாள். துவரம்பருப்பைக் கொட்டினாள். கடுகைக் கொட்டினாள், சீயக்காய்த்தூளைக் கொட்டினாள். பச்சை மூடியைத் திறந்து ரசப்பொடியைக் கொட்டினாள். எல்லாவற்றையும் பழைய பேப்பரில் பொட்டலம் கட்டி நூல் சுற்றி அலமாரியில் வரிசையாக வைத்தாள், பார்க்க எல்லாம் ஒரே அச்சு, எது எது என்று மேலே எழுதட்டுமா என்று கேட்டதற்கு, என் ஊட்டு அலமாரி எனக்கு தெரியாதா, உன் வேலைய பாரு என்றாள். பாட்டில்களைப் புளி போட்டு, சோடா உப்பு போட்டு, வெந்நீர் ஒரு தடவை, பச்சைத்தண்ணீர் ஒரு தடவை என்று வாரம் முழுக்கக் கழுவினாள், அந்த மூக்கடைப்பு இதுதான். நேற்று கடைசிப் பாட்டிலைக் கவிழ்த்துவைத்துவிட்டு, அந்த கட்டில எடுத்து பரண் மேல போட்டுடு என்றாள். போட்டுவிட்டேன்.

நீ வந்தால் எனக்கு மட்டும் கசக்குமா கண்ணு. ஆனால் குப்பைத் தொட்டியில் தலையை விட்டவன் சொல்கிறேன், இவ்வளவு மானத்தை விட்ட பிறகு நீ ராஜினாமா எழுதினால் அனுசுயாவுக்கு நான் என்ன பதில் சொல்வது. அதனால் இருந்து நடத்து. பாட்டில்களைத் திருமழிசை கம்பெனியில் இருந்து கொண்டுவந்த தெர்மாகோல் வைத்துக் கட்டியிருக்கிறேன், நாளைக்கு லாரி பார்சலில் போடுகிறேன், கூடலூர் ஆபீஸில் போய் எடுத்துக்கொள். பலூன் மூச்சு மாதிரியே இன்னும் சிலது செய்திருக்கிறேன், வெட்டின விளிம்பெல்லாம் பிள்ளைகள் கையைக் கிழிக்காமல் இருக்க சூடான இஸ்திரிப் பெட்டியில் தொட்டு மழுக்கிவிட்டேன், இஸ்திரிப் பெட்டி இனிமேல் சட்டைக்கு ஆகாது. காந்தம் நம் பழைய ரேடியோ ஸ்பீக்கருக்குள் இருந்தது, ரேடியோ பாடி ரொம்ப வருஷமாகிறது, போகட்டும். இதையெல்லாம் பத்திரமாக பீரோவில் வைத்துப் பூட்டலாம் என்று உன் ஹெட்மாஸ்டர் சொன்னால், பூட்டிய பீரோவைக் கண்ணாடி வழியாகவே காட்டு, அங்கே இடம் இல்லை என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போகாதே, ராத்திரியில் காதுக்குத் துணி கட்டிக்கொள். சாயந்திரம் கருவடகம் ஒரு பொட்டலம் பார்சலில் சேர்க்கிறேன், அதாவது கருவடகம் என்று அம்மா சொல்கிற பொட்டலம். இன்று மத்தியானம் கிருபாகரன் சார் பேனரோடு பார்சல் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க வருகிறார், பாட்டில் உன் அம்மாவுடையதானாலும் பேனர் அவருடையதாயிற்றே. வீடு தேடி வருகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று உன் அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

நம் ஊர் ஈசன் உன்னையும் உன் பிள்ளைகளையும் நோய்நொடி இல்லாமல் பார்த்துக்கொள்வார், உன் கை தொட்டது துலங்கட்டும். ஒன்று மறந்துவிடாதே, வருஷம் முடிந்ததும் பச்சை மூடி மட்டுமாவது திரும்பி வர வேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள், மூடிக்காகவா சொல்கிறாள் என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
உன் கையால் மார்க் வாங்கக் காத்திருக்கும் நைனா,
டில்லிபாபு

கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுவது. கிருபாகரன் சார் வந்தார், போட்டோ எடுத்தார், சாப்பிட உட்கார்ந்தார். இன்றைக்கு ரசம் வழக்கத்தைவிட நன்றாக நுரை கட்டி வந்தது, உன் அம்மா பதம் பார்த்து இறக்கினாள். அவர் ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, கொஞ்சம் கசக்குதுங்க, பாரம்பரியம்னா கசக்கத்தானுங்க செய்யும், சர்க்கரைக்கு நல்லதுங்க என்று இன்னொரு டம்ளர் கேட்டார். செய்முறையை குரூப்பில் போட வேண்டும் என்று உன் அம்மாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். இந்தக் கடிதத்தில் உட்கார்ந்ததில் நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை, அவர் போன பிறகு அலமாரியில் இருந்து சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். அதில் இருந்தது ரசப்பொடி என்பது தலையில் தேய்த்த பிறகு தெரிந்தது. இந்த வரிகளை ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.