பேசாத வீட்டுக்காரி

ஐப்பசி 9, திங்கள்

தூறல். மோட்டார் மறுபடியும் மக்கர். பிரஷர் மாத்திரை போட்டாச்சு.

ட்ரஸ்டுல இருந்து ஒரு பொண்ணு. பின்கட்டுல குடியிருக்கற தவமலருக்கு அரிசி, கொசுவலை, தையல் மெஷின். சிலோன்ல இருந்து வந்த அகதிங்களுக்காம். சரி, நல்லது. அப்புறம் எங்கிட்ட ஒரு போர்வையும் பக்கெட்டும் நீட்டுது. "அவங்களுக்கு இடம் குடுத்த ஊர்க்காரங்களுக்கும் உண்டு பாட்டி."

நான் கேட்டேனா? சேக்காட்டுல எங்க மாமனார் நெல்லு போட்ட நெலத்துல கட்டின ஊடு இது. எனக்குப் போர்வையா? வேணாம்னேன். போட்டோவுக்காவது புடிங்கன்னுது. புடிக்க மாட்டேன்னேன்.

தவமலரை மட்டும் உள்ள உக்கார வெச்சு அரை மணி நேரம் கேள்வி. சொல்லச் சொல்ல கையில இருக்கற டேப்புல தட்டிக்குது. பதில் எதுவும் என் காதுல விழல.

10, செவ்வாய்

வெயில். வாங்க: உப்பு, டார்ச்சுக்கு பேட்டரி, தேங்கா நாலு (தவமலர் சொதிக்கு ரெண்டு).

ட்ரஸ்ட் பொண்ணு போன். "பாட்டி, நீங்க அவங்க கூட பேசறதே இல்லையாமே. பதிவாகியிருக்கு."

இன்னாடி பதிவு?

"தவமலரே சொன்னாங்க. அதனால கரையான்சாவடில வேற ஊடு பாத்துட்டோம். வெள்ளிக்கிழமை காலைல வண்டி வரும்."

ஆறு வருஷமா தெனம் பேசறேன். மாவரைக்கையில, கீரை ஆயறப்ப, கரண்டு போனா இருட்டுலயும் பேசறேன். வாய் வலிக்குது, எம்புள்ள பேச்சை நிறுத்தச் சொல்லி கும்புடறான். இவ நான் பேசறதே இல்லன்னு சொல்லியிருக்கா! அஞ்சாவதுதான் படிச்சேன், ஆனா ஒருத்தர் சோத்துல மண்ணு போட்டதில்ல.

தேங்கா ரெண்டு போதும்.

12, வியாழன்

மழை. முட்டி வலி. ரெண்டு நாளா நான் அந்தப் பக்கம் போகல. அவளும் வரல. ட்ரஸ்ட் எழுதினது இப்பதான் நெசமாச்சு.

கொல்லைல நின்னு பாத்தேன். பாத்திரம், பாய், பொண்ணோட புக்கு, எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாச்சு. கிளம்புன்னா கிளம்பறா. ஏன்னு ஒரு கேள்வி கிடையாது. எத்தன முகாம்ல கத்துகினாளோ. அவ பொண்ணு யாழினி இந்த வருஷம் பத்தாங் கிளாஸ். பரீட்சை வருஷத்துல ஸ்கூல் மாத்துவாங்களா யாராவது? எனக்கென்ன. அவதான சொன்னா.

சோத்தை மூடி வெச்சுட்டேன்.

13, வெள்ளி

வண்டி ஒன்பதுக்கே வந்துடுச்சு. தவமலர் சாவியை எங்கையில வெச்சு, "ஏதும் பிழை விட்டிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா"ன்னா. அதுக்கு மேல என்னால முடியல.

"நான் உங்கூட பேசினதே இல்லையாடி?"

"ஓம். ஒருநாளும் பேசினதில்ல எண்டு பெருமையாத்தானே சொன்னனான். முந்தி இருந்த வீட்டுக்காரர் சரியான பேச்சு. தண்ணிக்குப் பேச்சு, விளக்குக்குப் பேச்சு, பிள்ளை அழுதாலும் பேச்சு. நீங்கள்தான் எங்கள வீட்ட விட்டு எழும்பச் சொன்னீங்கள் எண்டு நினைச்சன்."

பேச்சுன்னா இன்னாடின்னு கேட்டேன். அவங்களுக்கு பேசறதுன்னா திட்டறதாம். நாம பேசறதுக்கு அவங்க வார்த்தை கதைக்கறதாம். ஆறு வருஷமா இது தெரியாம கதைச்சிருக்கேன்.

டிரைவர்: "இன்னா ஆயா, ஏத்தறதா எறக்கறதா?"

எறக்குடான்னேன். அப்புறம் ஆறு வருஷத்துக்கும் சேத்து அவளைப் பேசினேன். அறிவு கீதா உனக்கு, எவன் வண்டி அனுப்பினாலும் ஏறிடுவியா, ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்க மாட்டியா, பொண்ணு படிப்பு இன்னா ஆவறதுன்னு. தலையைக் குனிஞ்சிகினு சிரிக்கறா, கண்ணுல தண்ணி. தையல் மெஷினை ஜன்னலாண்ட போடச் சொன்னேன். வெளிச்சம் அங்கதான்.

ட்ரஸ்ட் பொண்ணு போன். "இப்ப பேசறீங்களா பாட்டி?"

பேசறேம்மா. நல்லா பேசறேன். எழுதிக்கோன்னேன்.